அலுமினிய கேமரா பாடியில் கீறலா? அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

கல்யாண சீசன் முடிகிற சமயத்தில் நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று என் மேஜைக்கு வரும் கேமராக்களில் பெரும்பாலும் ஒரே புகார்தான்: "பாடியில கோடு விழுந்துடுச்சு, எடுக்க முடியுமா?" இத்தனை வருஷமாகப் பார்த்ததில், அப்படி வரும் கோடுகளில் நிறைய கீறலே இல்லை, துடைத்தால் போய்விடுகிற கறை. மிச்சத்தில் பெரும்பாலானவற்றை மறைக்கலாம், அழிக்க முடியாது. என்னை வருத்தப்பட வைப்பவை மூன்றாவது வகை. ஒரு மயிரிழைக் கோட்டை எடுக்கப் போய், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பளபளவென்று தேய்த்துக் கொண்டு வந்தவை. அந்தப் பளபளப்பைப் பழையபடி ஆக்க முடியாது, அந்தத் தகட்டையே மாற்றினால்தான் உண்டு. அதனால் கீழே உள்ளதை வரிசையாகச் செய்யுங்கள். உப்புத்தாளும் பற்பசையும் பாலிஷும் இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும்.

## கை வைப்பதற்கு முன்

முதலில் இது அலுமினியம்தானா என்று பாருங்கள். வெள்ளியாக மின்னுவதெல்லாம் அலுமினியம் இல்லை. லைக்கா எம்3 மாதிரிப் பழைய கேமராக்களின் மேல்தகடு பித்தளை, அதன் மேல் குரோம். கேனன் ஏ.இ-1 மேல்தகடு பார்க்க உலோகம் மாதிரி இருக்கும், உண்மையில் பிளாஸ்டிக். ஃபியூஜி எக்ஸ்-டி5 போல இன்றைய கேமராக்கள் பலவும் மெக்னீசியக் கலவை, அதைத் தேய்த்தால் வரும் தூள் தீப்பிடிக்கக்கூடியது, அங்கே உப்புத்தாள் வைக்கவே கூடாது. அலுமினியம் என்றால் ஃபியூஜி எக்ஸ்100வி-யின் மேல், கீழ்த் தகடுகள், சிக்மா எஃப்பி, சோனி ஆர்.எக்ஸ்100, ஒரே அலுமினியக் கட்டியைக் குடைந்து செய்த லைக்கா டி, இப்படி. 2022-இல் வந்த லைக்கா எம்11-இல் கறுப்பு வாங்கினால் மேல்தகடு அலுமினியம், வெள்ளி வாங்கினால் பித்தளை. ஒரே மாடலிலேயே இப்படி இருப்பதால், உங்கள் கேமராவின் விவரப் பக்கத்தைப் படிக்காமல் ஊகிக்காதீர்கள். ஏற்கெனவே ஆழமாகக் கீறல் இருந்தால் உள்ளே தெரியும் நிறமே ஓரளவு சொல்லிவிடும்: மஞ்சள் என்றால் பித்தளை, வெள்ளை மினுக்கு என்றால் அலுமினியமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் பேட்டரியையும் கார்டையும் எடுங்கள். லென்ஸ் கழற்றக்கூடியது என்றால் கழற்றி பாடி கேப் போடுங்கள். மைக் ஓட்டை, பட்டன் இடுக்கு, ஃப்ளாஷ் மாட்டும் இடம் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். அலுமினியத் தூள் மின்சாரம் கடத்தும், பட்டனுக்குள் போனால் கீறலைவிடப் பெரிய தலைவலி.

இப்போது மூன்று சோதனை, இதே வரிசையில். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துப் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள், கண் திறந்திருந்தால் நகம் தட்டாத இடத்திலும் தட்டியது போலத் தோன்றும். கடைசியாக மல்டிமீட்டரைப் பீப் சத்தம் வரும் இடத்தில் வைத்து, இரண்டு முனைகளையும் சாய்த்து, கோட்டின் மேலேயே சில மில்லிமீட்டர் இடைவெளியில் மெதுவாகத் தொடுங்கள். பெயின்ட்டும், அனோடைஸ் படலமும் (மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தின் மேலேயே உருவாக்கும் கடினமான ஆக்சைடு தோல்) மின்சாரம் கடத்தாது. பீப் வந்தால் வெறும் உலோகம் வெளியே வந்துவிட்டது. வரவில்லை என்றால் பெரும்பாலும் படலம் இன்னும் இருக்கிறது, மயிரிழைக் கோட்டுக்குள் மட்டும் முனை இறங்காமல் ஏமாற்றலாம். துடைக்காமல் மீட்டர் வைத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கறையே பீப் கொடுத்துவிடும், அதனால்தான் துடைப்பது முதலில்.

## கோடு தெரிகிறது, நகத்துக்குத் தட்டுப்படவில்லை

இதுதான் நல்ல செய்தி. அனோடைஸ் செய்த மேற்பரப்பு வெறும் அலுமினியத்தைவிட ரொம்பக் கடினம். சாவிக்கொத்து, பெல்ட் பக்கிள், டிரைபாட் கால் போன்றவை அதில் உரசும்போது பாடி தேய்வதற்குப் பதில் அந்த உலோகம்தான் தேய்ந்து, காகிதத்தில் பென்சில் மாதிரி, பாடியில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு கேமராவைத் தோளின் இரு பக்கமும் தொங்கவிட்டு ஓடுகிறவர்களுக்கு இது ரொம்ப சகஜம், ஒன்றின் கொக்கி இன்னொன்றின் முதுகில் எழுதிவிடும்.

ஆல்கஹாலுக்குப் போகவில்லை என்றால் வெள்ளை ரப்பரை எடுங்கள். பரீட்சைக்கு வாங்குகிற சாதாரண பென்சில் ரப்பர் போதும். கோட்டின் போக்கிலேயே, லேசான அழுத்தத்தில், பத்துப் பதினைந்து தடவை. ரப்பர் கறுத்துக்கொண்டே வந்தால் கறை போகிறது என்று அர்த்தம். ஒரு பாதி சிவப்பு, ஒரு பாதி நீலமாக வரும் ரப்பரின் நீலப் பக்கத்தைத் தொடவே வேண்டாம். அது மை அழிக்கிற பக்கம், அதில் மணல் மாதிரித் துகள் கலந்திருக்கும், மேட் ஃபினிஷைச் சுரண்டிவிடும். போன தையில் ஒரு தம்பி புதுக் கேமராவோடு வந்தான். பின்பக்கம் நாலு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெள்ளைக் கோடு, வாங்கி இருபது நாள்கூட ஆகவில்லை. ரப்பரைப் பன்னிரண்டு தடவை இழுத்தேன், கோடு பாதியாகச் சுருங்கி, அப்புறம் ஒரு புள்ளியாகி, காணாமலே போனது. அவன் அதுவரை மூச்சே விடவில்லை.

ரப்பருக்கும் போகவில்லையா? ஒரு துளி ஆல்கஹாலை அதன் மேல் வைத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது மேற்பரப்பில் மட்டும் உள்ள உராய்வு. அரைக்கும் பொருள் எதுவும் கலக்காத கார் மெழுகைப் பஞ்சுக் குச்சியில் ஒரு சிட்டிகை எடுத்துத் தடவி, ஐந்து நிமிஷம் விட்டுத் துடைத்தால் முக்கால்வாசி மங்கிவிடும். சில மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும். கடையில் "கட்டிங் பாலிஷ்", "ரப்பிங் காம்பவுண்ட்" என்று கொடுப்பதை வாங்காதீர்கள், அதன் வேலையே அரைப்பதுதான்.

## நகம் தட்டுகிறது, ஆனால் உலோகம் தெரியவில்லை

மீட்டரும் பீப் செய்யவில்லை என்றால் பெயின்ட்டில் மட்டும்தான் காயம். ஓரம் உரிந்து தூக்கிக்கொண்டு நின்றால், அடியில் வியர்வை இறங்காமல் இருக்க ஒரு சொட்டு எனாமல் (அடுத்த பகுதியில் சொல்லும் பெயின்ட்) வைத்து மூடுங்கள். உரியவில்லை என்றால் விட்டுவிடலாம், இது தானாகப் பெரிதாகாது.

## கறுப்பு பாடியில் வெள்ளையாகக் கோடு மின்னுகிறது

உலோகம் வெளியே வந்துவிட்டது. இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது: பாடி பெயின்ட் அடித்ததா, அனோடைஸ் செய்ததா? 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைத் திருப்பிப் பிடித்தால் நல்ல பூதக்கண்ணாடி, அதில் கோட்டின் ஓரத்தைப் பாருங்கள். பெயின்ட் என்றால் ஓரத்தில் படி மாதிரி ஒரு தடிமன் தெரியும், சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருக்கும். அனோடைஸ் என்றால் தடிமனே தெரியாது, கறுப்பு நேரடியாக வெள்ளையாக மாறும். இன்னொரு துப்பு: அச்சில் வார்த்த பாகங்களில் சிலிக்கான் அதிகம், அவை அழகாக அனோடைஸ் ஆகாது, அதனால் பெரும்பாலும் பெயின்ட்தான். கட்டியிலிருந்து குடைந்த பாகங்களும் தகட்டில் அழுத்தி எடுத்த பாகங்களும் பெரும்பாலும் அனோடைஸ்.

பெயின்ட் என்றால் பொம்மை விமானம், கார் செய்கிறவர்கள் வாங்கும் எனாமல்தான் என் கணக்கில் சிறந்தது. ஹம்ப்ரால் 33 மேட் கறுப்பு, 85 சாட்டின் கறுப்பு, இரண்டும் இருந்தால் பெரும்பாலான பாடிகளைச் சமாளிக்கலாம். கறுப்பில் நிறப் பொருத்தத்தைவிட மினுமினுப்புப் பொருத்தம்தான் முக்கியம். நிறம் சரியாக இருந்து பளபளப்பு கூடிவிட்டால், வெளிச்சத்தில் திருப்பும்போது எண்ணெய்ச் சொட்டு மாதிரித் தெரியும். இரண்டையும் கலந்து, பழைய டப்பா மூடியில் தடவி, காயவிட்டு, பாடியின் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே தொடங்குங்கள். ஈரமாக இருக்கும்போது ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள்.

பூசும்போது பிரஷ் வேண்டாம், பல்குத்தும் குச்சி. நுனியில் ஒரு சிறு சொட்டு எடுத்துக் கோட்டின் பள்ளத்துக்குள் மட்டும் விட்டால் பெயின்ட் தானாக ஓடி நிரம்பும். ஓரத்தைத் தாண்டி வழிந்தால், டர்பென்டைன் லேசாகத் தொட்ட பஞ்சுக் குச்சியால் உடனே எடுங்கள். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் பழைய பெயின்ட்டையும் சேர்த்துக் கரைக்கும், பிளாஸ்டிக் ஜன்னலையும் கெடுக்கும், பக்கத்திலேயே வரக் கூடாது. ஒரே பூச்சில் முடிக்க அவசரப்படாமல் இரண்டு மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி, கடைசியில் ஒரு வாரம் பையில் போடாமல் விடுங்கள். அரிசி மணி அளவுக்கு மேல் பெயர்ந்திருந்தால் வெறும் அலுமினியத்தில் பெயின்ட் நிற்காது, கார் பெயின்ட் கடையில் எட்ச் பிரைமர் கேட்டு வாங்கி, அதில் ஒரு புள்ளி முதலில்.

அனோடைஸ் என்றால் நேர்மையாகச் சொல்கிறேன், போன படலத்தைத் திரும்பக் கொண்டுவர வீட்டில் வழியில்லை. அது மேலே பூசியது இல்லை, உலோகத்தோடு சேர்ந்தே உருவானது. மறைக்க மட்டும் முடியும். முதலில் கறுப்பு பெர்மனென்ட் மார்க்கர். சில மார்க்கர்கள் காய்ந்ததும் ஊதா அடிக்கும், ஆனாலும் அதைத்தான் முதலில் சொல்வேன், காரணம் பிடிக்கவில்லை என்றால் ஆல்கஹாலில் துடைத்துவிடலாம். பிடித்திருந்தால், மாதம் ஒருமுறை தொட வேண்டியிருப்பதுதான் தொல்லை என்றால், மேலே சொன்ன எனாமல்.

இதற்கும் மேலே அலுமினியத்தைக் கறுப்பாக்கும் ரசாயனம் ஒன்று கிடைக்கிறது, துப்பாக்கிப் பாகங்களுக்கு என்று விற்பார்கள். வெறும் உலோகத்தில் மட்டும் பிடித்து அடர் சாம்பலாகக் கறுக்கும். நன்றாகவே வேலை செய்யும், ஆனால் செலினியம் கலந்த விஷம், கையுறை கட்டாயம், வேலை முடிந்ததும் தண்ணீரில் கழுவியாக வேண்டும். லென்ஸ் ஹூட், கழற்றிய ஃபில்டர் வளையம் போன்றவற்றில் நான் பயன்படுத்துவேன். பூட்டிய பாடியில் கழுவ முடியாது, அங்கே ஒருபோதும் வைப்பதில்லை.

## வெள்ளி நிற பாடியில் கீறல்

இங்கேதான் கை அதிகம் துறுதுறுக்கும், இங்கேதான் சேதமும் அதிகம். வெள்ளி நிறமாக இருப்பதால் "உள்ளேயும் அதே உலோகம்தானே, தேய்த்தால் சமமாகிவிடும்" என்று தோன்றும். ஆகாது. அந்த மங்கலான சாட்டின் தோற்றம், மிக நுண்ணிய மணிகளை அடித்துப் பொடிப்பொடியாகக் குழி விழச் செய்து, அதன் மேல் அனோடைஸ் செய்ததால் வருவது. தேய்த்த இடத்தில் குழிகள் போய் கண்ணாடியாக மின்னும், சுற்றிலும் மங்கலாக இருக்கும். கீறல் ஒரு கோணத்தில்தான் தெரியும், இந்தத் திட்டு எல்லாக் கோணத்திலும் தெரியும்.

வீட்டில் வெள்ளி, பித்தளை துலக்கும் பழக்கத்தில் விபூதி, புளி, பற்பசை, சலவை சோடா என்று எடுத்துவிடாதீர்கள். விபூதியும் பற்பசையும் அரைக்கும். புளியின் அமிலமும் சோடாவின் காரமும் அனோடைஸ் படலத்தையே தின்னும், காரம் இன்னும் வேகமாக. அம்மா குத்துவிளக்கு துலக்குவதைப் பார்த்து வளர்ந்த கை, தானாகவே அங்கே போகும், எனக்குப் புரிகிறது. அது வேறு உலோகம்.

செய்யக்கூடியது மெழுகு மட்டும்தான், மேலே சொன்னபடி. வெள்ளிப் பெயின்ட் பேனாவில் தொட்டால் கோடு சாம்பலாகி இன்னும் எடுப்பாகத் தெரியும். மெழுகுக்குப் பிறகும் உறுத்தினால் பாடிக்கு மேல் ஒட்டும் ஸ்டிக்கர் மாதிரியான ஸ்கின், அல்லது பாடியின் கீழ்ப் பாதியை மூடும் தோல் உறை. தோல் உறை போட்டால் வாரம் ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும், ஏன் என்று கீழே வெள்ளைப் பொடிப் பகுதியில் வருகிறது.

## ஸ்ட்ராப் மாட்டும் இடத்தில் அரைவட்டத் தேய்மானம்

காரணம் ஒன்றுதான்: எஃகு வளையம் ஆடி ஆடி உரசுவது. முதலில் உரசலை நிறுத்துங்கள், பிறகு டச்-அப். வளையத்துக்கு அடியில் போடும் சின்னத் தோல் அல்லது பிளாஸ்டிக் தட்டு சில கேமராக்களோடு பெட்டியிலேயே வரும், பலர் பிரிக்காமலே வைத்திருப்பார்கள், தேடிப் பாருங்கள். இல்லை என்றால் வளையத்தை எடுத்துவிட்டு உறுதியான நூல் கயிற்றுச் சுருக்கு உள்ள ஸ்ட்ராப். கூடவே கேமராவின் காதையும் (வளையம் மாட்டும் ஓட்டையுள்ள துண்டு) பாருங்கள். ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ, காது பிடித்து ஆட்டினால் ஆடினாலோ, இது அழகுப் பிரச்சினை இல்லை, கேமரா கீழே விழப்போகிற பிரச்சினை. அன்றைக்கே சர்வீஸுக்கு.

## அடிப்பக்கம் வட்ட வட்டமாகக் கீறல்

டிரைபாட் தகடு. ரப்பர் தேய்ந்த தகட்டை முறுக்கிப் பூட்டும்போது இடையில் சிக்கிய மணல் வட்டம் போடுகிறது. தகட்டின் ரப்பரைத் துடையுங்கள், தேய்ந்திருந்தால் மெல்லிய கார்க் ஒட்டுங்கள், பாடியை முறுக்காமல் திருகை மட்டும் முறுக்குங்கள். விழுந்த கோடுகளுக்கு அடிப்பக்கத்தில் யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் நான் எதுவும் செய்வதில்லை. திருகு ஓட்டையைச் சுற்றித் தகடு மேலே உப்பியிருந்தால் மட்டும் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

## வெள்ளைப் பொடி, வெள்ளைப் புள்ளி, பெயின்ட் கொப்புளம்

இது கீறல் இல்லை, அரிப்பு. கீறல் வழியாகத்தான் பெரும்பாலும் தொடங்கும். மெரினாவிலோ ராமேஸ்வரத்திலோ காலையில் படம் எடுத்துவிட்டு அப்படியே பைக்குள் வைத்த கேமரா, தோல் உறைக்குள் வியர்வை தங்கிய கேமரா, இந்த இரண்டில்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

பொடி மட்டும் என்றால், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, நாலைந்து குச்சி மாற்றி மாற்றித் துடையுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கிறது. அசையாத பொடியை மூங்கில் பல்குச்சியால் கிளறலாம், ஊசியால் கூடாது. பிறகு ஆல்கஹால், பிறகு மின்விசிறிக் காற்று. ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மறுபடி பூத்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது.

கொப்புளம் என்றால் மேலே பெயின்ட் பூசி மூடாதீர்கள், அடியில் பரவிக்கொண்டே போகும். தளர்ந்த பெயின்ட்டை உறுதியான ஓரம் வரும்வரை பல்குச்சியால் எடுத்து, பொடியைச் சுத்தம் செய்து, எட்ச் பிரைமர், எனாமல். எஃகுத் திருகைச் சுற்றியே பூத்திருந்தால் உப்புநீர் உள்ளேயும் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம், ஆன் செய்யாமல் சர்வீஸுக்குக் கொடுங்கள். பழைய ஃபிலிம் கேமராவில் தோலுக்கு அடியில் சின்னச் சின்ன மேடு தெரிந்து, தூக்கிப் பார்த்தால் பச்சையாக இருந்தால் அது பித்தளை ரிவிட் அரிப்பது, அலுமினியம் இல்லை. பழைய ஜெய்ஸ் ஐகான் கான்டாக்ஸ் கேமராக்களில் இது பேர் போனது.

## மூலை நசுங்கி, விளிம்பு கையைக் கிழிக்கிறது

பக்கத்தில் எழும்பி நிற்கும் பிசிறை அரத்தால் ராவாதீர்கள். கடினமான மரக்குச்சி ஒன்றைச் சாய்த்து வைத்து அழுத்தித் தடவினால் அலுமினியம் மெதுவாகப் படியும், தூளும் வராது. பிறகு ஒரு சொட்டு எனாமல். பள்ளத்தை வெளியிலிருந்து இழுக்கவோ தட்டவோ வழியில்லை, தகட்டைக் கழற்றி உள்ளேயிருந்து தள்ள வேண்டும், அது மெக்கானிக் வேலை.

ஆனால் பள்ளத்தைவிட முக்கியம், விழுந்த அடி வேறு எங்கே போனது என்பது. டயல்கள் சுற்றுகின்றனவா, பேட்டரி மூடி சிக்காமல் மூடுகிறதா பாருங்கள். அப்புறம் செய்தித்தாள் ஒன்றைச் சுவரில் விறைப்பாக ஒட்டி, கேமராவை டிரைபாடில் நேராக வைத்து, லென்ஸின் அபர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துவாரம்) முழுதாகத் திறந்து எடுங்கள். நான்கு மூலையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்து, இன்னொரு லென்ஸ் மாற்றினாலும் அதே பக்கம் மங்கினால் மவுன்ட், அதாவது பாடியில் லென்ஸ் மாட்டும் வளையம், சாய்ந்திருக்கிறது. நிக்கான் எஃப் மவுன்ட்டில் 46.5 மி.மீ., லைக்கா எம்-இல் 27.8 மி.மீ., ஃபியூஜி எக்ஸ்-இல் 17.7 மி.மீ. என்று சென்சாருக்கும் மவுன்ட்டுக்கும் உள்ள தூரம் வகுத்தது, அதில் மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு மாறினாலே படத்தில் தெரியும். கையால் சரிசெய்யும் வேலை இல்லை.

லென்ஸின் ஃபில்டர் வளையம் நசுங்கியிருந்தால் பிளேயர்ஸ் தொடாதீர்கள், வளையம் அங்கேயே பிளந்துவிடும். அதற்கென்றே திருகி விரிக்கும் கருவி வைத்திருப்பவர்கள் கேமரா ரிப்பேர் கடைகளில் இருப்பார்கள், சில நிமிஷ வேலை.

## எப்போது கொடுத்துவிட வேண்டும்

மவுன்ட் சாய்வு, ஸ்ட்ராப் காது ஆட்டம், டிரைபாட் ஓட்டை உப்பல், திருகைச் சுற்றிய அரிப்பு, இரண்டு தகடு சேரும் இடத்தில் நகம் நுழையும் இடைவெளி, இந்த ஐந்தும் வீட்டில் பார்ப்பவை இல்லை. வெறும் தோற்றத்துக்காக என்றால் செலவின் வரிசை இப்படி: கடையில் டச்-அப், தகட்டை மட்டும் மாற்றுவது, கடைசியாக எல்லாம் பிரித்து மறுபடி அனோடைஸ் அல்லது முழுப் பெயின்ட். கடைசியை நான் யாருக்கும் சொல்வதில்லை, பழைய படலத்தை எடுக்கும்போது எழுத்துகளின் கூர்மை போகும், விற்கும்போது கீறல் உள்ள கேமராவைவிடக் குறைவாகக் கேட்பார்கள்.

தகடு மாற்றக் கொடுக்கும் முன், சீரியல் எண் எந்தத் தகட்டில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தத் தகடுதான் மாறப்போகிறது என்றால் எண்ணோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள், பழைய தகட்டைத் திருப்பிக் கேளுங்கள், ரசீதில் பழைய எண்ணையும் மாற்றிய விவரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸுக்கும் வாரண்டிக்கும் அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள்.